விசித்திரசித்தனின் குன்று: திருச்சிராப்பள்ளியில் புதுமைக் கலைகள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை என்றதும் உச்சிப்பிள்ளையாரும் தாயுமானவரும் நினைவுக்கு வருவர். காவிரிக்கு அப்பால் உள்ள திருவரங்கம் என்றதும் அரங்கநாதர் நினைவுக்கு வருவார். இவ்விரண்டு இடங்களும் வழிபாட்டுத் தலங்களாகப் பெயர்பெற்ற அளவுக்குக் கலைச் சோதனைகள் நடந்த இடங்களாகப் பேசப்படுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் பாறைக்குள் எழுந்த கோயில், நாயக்கர் காலத்தில் கல்லில் பாய்ந்த குதிரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடிபோன்ற தகட்டில் தீட்டிய ஓவியம், 1905-ல் கூடாரத்தில் ஓடிய படம் ஆகிய நான்கும் இந்நகரோடு தொடர்புடையவை. நான்கும் தம் காலத்து மக்களுக்குப் புதுமையாகவும் சற்று வேடிக்கையாகவும் தோன்றியவை. கையில் இருக்கும் பொருள் எதற்கு இடம்கொடுக்கும், எதற்கு இடம்கொடுக்காது என்று அறிந்தவர்கள் அந்தத் தடையையே விளையாட்டாக மாற்றியதால் இவை பிறந்தன. இக்கட்டுரை அவற்றைக் கால வரிசையில் விளக்குகிறது.

'விசித்திரம்' என்னும் சொல்

இன்று 'விசித்திரம்' என்றால் வழக்கத்துக்கு மாறானது, வேடிக்கையானது என்று பொருள் கொள்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குப் பல வண்ணம் உடையது, பலவகைப்பட்டது, வியப்பைத் தருவது என்ற பொருள்கள் உண்டு. 'சித்திரம்' என்ற சொல் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்தச் சொல்லைத் தன் பட்டப்பெயராகவே சூடிக்கொண்ட அரசன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்திலிருந்து ஆண்ட இப்பல்லவ மன்னனுக்கு 'விசித்திரசித்தன்' என்று ஒரு பெயர். வியத்தகு எண்ணங்கள் தோன்றும் மனத்தை உடையவன் என்பது அதன் பொருள். 'சித்திரகாரப்புலி' என்பது மற்றொரு பெயர். ஓவியர்களுள் புலி போன்றவன் என்று அதற்குப் பொருள்.

'மத்தவிலாசன்' என்பதும் அவன் பட்டங்களுள் ஒன்று. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி நகைச்சுவை நாடகம் அவன் எழுதியது. காஞ்சியில் ஒரு காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, புத்தத் துறவி ஒருவர்மீது பழிபோடுகிறான். உண்மையில் அதை எடுத்துச் சென்றது ஒரு நாய். அரசனே எழுதிய நாடகத்தில் அரசனின் தலைநகரமே கேலிக்கு உள்ளாவது குறிப்பிடத்தக்கது.

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குகைக்கோயிலின் கல்வெட்டு, 'விசித்திரசித்தன்' என்ற பெயரைத் தாங்கியுள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுப்பித்ததாக அக்கல்வெட்டு கூறுகிறது. எவற்றைக் கொண்டு கட்டினான் என்று பட்டியலிடுவதே கல்வெட்டுகளின் வழக்கம். எவை இல்லாமல் கட்டினான் என்று பட்டியலிட்டது புதுமை. அக்காலத் தமிழகத்தில் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டன. கல் பெரும்பாலும் இறந்தோர்க்கு நடும் நடுகல்லோடு தொடர்புடையதாக இருந்ததால், தெய்வத்துக்குரிய கோயிலில் அதைப் பயன்படுத்தத் தயக்கம் இருந்திருக்கலாம் என்பது தொல்லியல் அறிஞர் கே. ஆர். சீனிவாசனின் கருத்து. அப்படியானால் மகேந்திரவர்மன் கட்டுமானப் பொருளை மட்டுமன்றி, அதைப் பற்றிய பழைய எண்ணத்தையும் மாற்றியவன் ஆகிறான்.

லளிதாங்குரனின் குகை

மலைக்கோட்டையின் உச்சிக்குச் செல்லும் படிக்கட்டு வழியில், மேற்பகுதியில் உள்ள குகைக்கோயில் 'லளிதாங்குர பல்லவேசுவர கிருகம்' எனப்படுகிறது. லளிதாங்குரன் என்பதும் மகேந்திரவர்மனின் பட்டப்பெயரே. குன்றின் அடிவாரத்தில் உள்ள கீழ்க்குகை வேறு, அது பிற்காலத்தது. மேற்குகை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

குடைவரைக் கோயில் கட்டப்படுவதன்று, குடையப்படுவது. கட்டடத்தில் கல்லின்மேல் கல் சேர்க்கப்படுகிறது. குடைவரையில் வேண்டாத பாறை நீக்கப்பட்டு, வேண்டியது மட்டும் விடப்படுகிறது. தவறுதலாகப் பெயர்ந்துபோன துண்டை மீண்டும் ஒட்ட முடியாது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நின்றுபோன குகைகள், பல்லவச் சிற்பிகளின் வேலைமுறையை இன்றும் காட்டுகின்றன. பாறை முகப்பில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் உளியால் பெயர்த்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். தூண் நிற்கவேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். முழுக் கோயிலும் முதல் உளிவீச்சுக்கு முன்பே மனத்தில் இருந்தாக வேண்டும்.

இக்குகையின் தூண்கள் மகேந்திரவர்மன் காலத்துக்கே உரிய வடிவம் கொண்டவை. அடியிலும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. தூணுக்கு மேலே போதிகை என்னும் தாங்குகட்டை வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. மரக் கட்டடத்தில் போதிகைக்கு ஒரு வேலை உண்டு. மேலே வரும் விட்டத்தின் பளுவைத் தூணுக்கு இறக்குவது அதன் பணி. இங்கோ தூண், போதிகை, விட்டம், கூரை எல்லாம் ஒரே பாறை. தாங்குவதற்கென்று தனியாக ஒன்றுமில்லை. ஆயினும் சிற்பி, மரம் தாங்குவதுபோலவே கல்லைச் செதுக்கியிருக்கிறான். மரம் இல்லாமல் கட்டினேன் என்று அரசன் பெருமைப்பட, சிற்பியின் கையோ தான் பழகிய மரவேலையைக் கல்லில் எழுதிவிட்டது. புதிய பொருளுக்கு மாறும் கலைஞர்கள் பழைய பொருளின் நினைவையும் உடன் கொண்டுவருவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கங்கையும் காவிரியும்

குகையின் கிழக்குப் பக்கத்தில் கருவறை உள்ளது. அதற்கு எதிரே, மேற்குச் சுவரில் கங்காதரர் சிற்பத் தொகுதி செதுக்கப்பட்டிருக்கிறது. சிவபெருமான் தம் சடையின் ஒரு புரியைக் கையால் உயர்த்திப் பிடிக்கிறார். வானிலிருந்து இறங்கும் கங்கை சிறிய பெண் உருவமாக அதில் வந்து சேர்கிறாள். சிவனின் ஒரு கால் கீழே உள்ள பூதகணத்தின்மீது ஊன்றியிருக்கிறது. சுற்றிலும் வணங்கும் உருவங்கள் அமைந்துள்ளன. உலகையே அடித்துச் செல்லும் ஆறு ஒரு முடிக்கற்றையில் அடங்கும் அந்தக் கணத்தைச் சிற்பி தேர்ந்தெடுத்திருக்கிறான். அடுத்த கணம் என்ன நடக்கும் என்பதைக் காண்பவரின் கற்பனைக்கு விட்டிருக்கிறான்.

இச்சிற்பத்தின் இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. இவை 1890-ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டன. இவற்றின் கருத்து சுவையானது. பூமியில் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழர் நாட்டின் வளத்தையும் காவிரியையும் தாம் எப்படிக் காண்பது என்று சிவன் கேட்டாராம். அதனால் மன்னன் மேகத்தைத் தொடும் இம்மலைமேல் இல்லம் அமைத்துக் கொடுத்தானாம். மற்றொரு செய்யுள் பார்வதியின் கவலையைச் சொல்கிறது. ஆறுகளிடம் அன்புடைய சிவன், அழகிய காவிரியையும் கண்டு விரும்பிவிடுவாரோ என்று அவள் அஞ்சினாள். அதனால் தந்தையின் இமயத்தை விட்டுவிட்டு இம்மலையிலேயே நிலையாகத் தங்கி, காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிவருகிறாள் என்கிறது அச்செய்யுள்.

இதில் உள்ள குறும்பைச் சிற்பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். சிற்பத்தில் சிவன் ஓர் ஆற்றைத் தலையில் ஏற்கிறார். பக்கத்தில் உள்ள எழுத்து, மலையடியில் ஓடும் இன்னோர் ஆற்றைச் சுட்டிக் கேலி செய்கிறது. படம் ஒன்றைச் சொல்ல, வாசகம் அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. இன்றைய கேலிச்சித்திரத்தில் படத்துக்கும் அதன் கீழுள்ள வரிக்கும் இருக்கும் உறவு இதுதான். நாட்டு அரசியலும் இதில் கலந்திருக்கிறது. காவிரியைப் பல்லவனின் காதலி என்று சொல்வது, சோழ நாடு பல்லவன் கைக்கு வந்துவிட்டது என்று அறிவிப்பதாகும்.

வேறொரு செய்யுளில் 'தாணு' என்ற சொல்லை வைத்துச் சிலேடை அமைந்துள்ளது. தாணு என்றால் சிவன், அசையாது நிலைத்திருப்பது என்றும் பொருள். கல்லில் உருவம் அமைத்ததால் சிவனும் நிலைத்தார், அவரோடு மன்னனும் உலகில் நிலைத்துவிட்டான் என்பது கருத்து. இதை அடிப்படையாகக் கொண்டு, இச்சிவ உருவமே மன்னனின் சாயலாகவும் செதுக்கப்பட்டது என்று மைக்கேல் லாக்வுட் முதலிய ஆய்வாளர்கள் வாதிட்டனர். மாற்றுக் கருத்து உடையவர்களும் உண்டு.

சேஷராயர் மண்டபக் குதிரைகள்

ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, காவிரியின் மறுகரையில் கல் இன்னொரு சோதனைக்கு உள்ளானது. திருவரங்கம் கோயிலின் கிழக்குப் பகுதியில், வெள்ளைக் கோபுரத்துக்கு அருகில் உள்ள சேஷராயர் மண்டபம் விசயநகர, நாயக்கர் காலக் கலைக்குப் பெயர்பெற்றது. இதன் முகப்புத் தூண்களில் குதிரைகள் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. மேலே வீரன் அமர்ந்திருக்கிறான். கீழே காலாட்களும் வேட்டைவிலங்குகளும் மோதுகின்றனர். குதிரை, வீரன், விலங்கு, தூண் அனைத்தும் ஒரே கல்லில் ஆனவை.

தூணின் வேலை அசையாமல் நிற்பது. குதிரையின் இயல்போ ஓடுவது. இரண்டையும் ஒரே கல்லில் சேர்ப்பதற்குச் சிற்பிகள் ஒரு வழி கண்டனர். கூரையின் பளுவைப் பின்னால் உள்ள தூண்தண்டு ஏற்கிறது. முன்னால் உள்ள கல் அதனால் விடுதலை பெற்றுக் குதிரையாகிறது. கல் இழுவிசையைத் தாங்காது. நீட்டிய மெல்லிய பகுதி எளிதில் ஒடியும். அதனால் முன்னே நீளும் உறுப்புகளுக்குக் கீழே போர்வீரரும் விலங்கும் நெருக்கமாக அமைக்கப்பட்டுள்ளனர். கதையில் அவர்கள் போரிடுகிறார்கள், கட்டுமானத்தில் கல்லுக்கு வலுவூட்டுகிறார்கள்.

ஒரு குதிரைக்கும் அடுத்த குதிரைக்கும் வீரனின் நிலையிலும் கீழே நடக்கும் மோதலிலும் வேறுபாடு உண்டு. வரிசையாக நடந்துகொண்டே பார்ப்பவருக்கு, நின்ற உருவங்கள் ஒரே தாக்குதலின் தொடர்ச்சியாகத் தோன்றுகின்றன. படத்தை ஓட்டி அசைவு காட்டுவது பிற்கால முறை. இங்கே படம் நிற்க, பார்ப்பவர் நகர்கிறார்.

அப்பிரகத் தகட்டில் ஓவியம்

1801-ல் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி ஒரு பெரிய படைத்தளமாயிற்று. இன்றும் வழங்கும் 'கண்டோன்மெண்ட்' என்ற பெயர் அக்காலத்தது. அரண்மனைகளின் ஆதரவு குறைந்த நேரத்தில், ஓவியர்களுக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தனர். ஊர் திரும்பும் ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும், தாங்கள் பார்த்த நாட்டின் நினைவாகப் படங்களை வாங்கினர். இவ்வகை ஓவியங்கள் 'கம்பெனி ஓவியங்கள்' எனப்படுகின்றன. தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் தெற்கில் இதற்கு முக்கியமான இடங்கள். திருச்சிராப்பள்ளியின் தனிச்சிறப்பு அப்பிரக ஓவியம்.

அப்பிரகம் என்பது மைக்கா. நாட்டு வழக்கில் காக்காப்பொன். ஏடு ஏடாகப் பிரியும் இக்கனிமத்தை மிக மெல்லிய தகடாக உரிக்கலாம். ஒளி ஊடுருவும், தீயில் எளிதில் கருகாது. கண்ணாடி எளிதில் கிடைக்காத காலத்தில் விளக்குகளுக்கும் பயன்பட்டது. இதன்மேல் ஒளிபுகாத அடர்ந்த நீர்வண்ணத்தால் ஓவியர்கள் உருவங்களைத் தீட்டினர். பல்லக்குத் தூக்குவோர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், பாம்பாட்டி, நெசவாளர், நடனமாதர், திருவிழா ஊர்வலம், தெய்வ உருவங்கள் ஆகியவை தொகுதி தொகுதியாக விற்கப்பட்டன. தாளைப்போல் அப்பிரகம் வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் மேலேயே நிற்பதால் பளிச்சென்று ஒளிரும். அதே காரணத்தால் நாளடைவில் உதிர்ந்தும் போகும்.

அக்காலத்து இந்திய அப்பிரக ஓவியங்களில் விளையாட்டுப் பொருள்போன்ற ஒரு வகை உண்டு. ஓர் அட்டையில் முகம் மட்டும் தீட்டப்பட்டிருக்கும். கூடவே பல அப்பிரகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் உடை, ஒரு தொழில், அதற்குரிய கருவி. தலை இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். தகட்டை அட்டையின்மேல் வைத்தால், அந்த முகத்துக்கு அந்த உடை பொருந்திவிடும். தகட்டை மாற்றினால் அதே மனிதர் சிப்பாய் ஆவார், வணிகர் ஆவார், துறவி ஆவார். மாறாததை ஒருமுறை வரைந்து, மாறுவதை மட்டும் தனித் தகட்டில் வரைவது இதன் தத்துவம்.

அசைவூட்டப் படக்கலை பிற்காலத்தில் இதே தத்துவத்தின்மேல்தான் வளர்ந்தது. 1914-ல் அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட், ஒளி ஊடுருவும் செல்லுலாயிட் தாளில் அசையும் உருவத்தை வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். ஒவ்வொரு படத்துக்கும் பின்னணியைத் திரும்பத் திரும்ப வரையும் உழைப்பு இதனால் மிச்சமானது. கணினி வரும்வரை உலகக் கேலிப்படங்கள் பலவும் இம்முறையிலேயே உருவாயின. அப்பிரக ஓவியத்தைப் பார்த்து அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல இயலாது. ஒளி ஊடுருவும் தகடு கையில் கிடைத்தபோது, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டுக் கலைஞர்களுக்கு ஒத்த எண்ணம் தோன்றியது என்பதே சரி.

ஒளிப்படத்தின் வருகை

1858-ல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப், திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். அதே ஆண்டில் அவை தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுப்பது அவர் பெரிதும் கையாண்ட முறை. அம்முறையில் வானம் வெறும் வெளுப்பாக விழும். அதனால் அவர் எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். ஒளி ஊடுருவும் தாளில் வண்ணம் தீட்டும் வேலை, ஓவியர் கையிலிருந்து ஒளிப்படக்காரர் கைக்கு வந்தது எனலாம்.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நினைவுப்பொருளாகப் படம் வாங்கியவர்கள் சில பத்தாண்டுகளில் ஒளிப்படத்துக்கு மாறினர். வாங்குவோர் இல்லாமல் அப்பிரக ஓவியம் நலிந்தது. செய்யப்பட்ட ஓவியங்களும் பெரும்பாலும் வாங்கியவரோடு கப்பலேறிவிட்டன. இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம் போன்றவற்றில் கம்பெனி ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

அசையும் படம்

1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகச் சுற்றிவந்தார். திருச்சிராப்பள்ளியில் இருந்தபோது நோயுற்றதால், கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு நாடு திரும்ப விரும்பினார். அவற்றை வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் பிறந்த அவர் அப்போது திருச்சியில் ரயில்வே வரைவாளராகப் பணிபுரிந்தார். கோடும் அளவுமாக அசையாத படங்களை வரைவது அவர் தொழில். அதை விட்டுவிட்டு அசையும் படங்களை ஊருக்கு ஊர் எடுத்துச் சென்றார்.

இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவர் காட்டியவற்றுள் ஒன்று. நிலையான அரங்குகள் இல்லாத நிலையில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். தென்னிந்தியாவில் ஊர்மக்களுக்குத் திரைப்படத்தை அறிமுகம் செய்த முன்னோடிகளுள் அவர் முதன்மையானவர். பின்னர் கோயம்புத்தூரில் 1914-ல் 'வெரைட்டி ஹால்' என்ற திரையரங்கைக் கட்டினார். 1942-ல் மறைந்தார். அவ்வரங்கு இருந்த தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது.

கையெழுத்துப் பத்திரிகையும் கேலிச்சித்திரமும்

இருபதாம் நூற்றாண்டில் திருவரங்கம் எழுத்துக்கும் கோட்டோவியத்துக்கும் பெயர்பெற்றது. திரைப்பாடலாசிரியர் வாலி (1931–2013) முதலில் ஓவியராக விரும்பியவர். ஆனந்த விகடன் ஓவியர் மாலியிடம் கொண்ட ஈடுபாடே 'வாலி' என்ற பெயருக்குக் காரணம். அச்சு வசதி இல்லாத இளைஞர்களுக்கு அன்று கையெழுத்துப் பத்திரிகைதான் வழி. வாலி திருவரங்கத்தில் 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினார். ஒரே படிதான் இருக்கும், அது கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றும்.

1947-ல் திருவரங்கத்தில் பிறந்த மதன், ஆனந்த விகடனில் கேலிச்சித்திரக்காரராகப் புகழ்பெற்றார். ரெட்டை வால் ரெங்குடு, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா முதலிய அவருடைய பாத்திரங்கள், சில கோடுகளிலேயே ஒரு மனிதரின் குணம் முழுவதையும் காட்டுபவை. படமும் வரியும் சேர்ந்து சிரிப்பை உண்டாக்கும் முறை, மலைக்கோட்டைக் கல்வெட்டுக்குப் பிறகு 1300 ஆண்டுகள் கழித்து அச்சில் வந்தது.

பெயர் நின்றவர்களும் நிற்காதவர்களும்

மகேந்திரவர்மன் தன் பெயர்களைக் கல்லில் வெட்டிவைத்தான். தாணுவோடு தானும் நிலைத்தான். ஆனால் அவனுடைய குகையைக் குடைந்த சிற்பிகளின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கல்லைக் குதிரையாக்கியவர்களையும் பெயர்சொல்லி அழைக்க வழியில்லை. அப்பிரக ஓவியங்களில் பலவகைத் தொழிலாளர்கள் தம் கருவிகளோடு நிற்கிறார்கள். வரைந்தவரின் பெயரோ பெரும்பாலும் இல்லை. அவை கலையாக மதிக்கப்படாமல், மலிவான நினைவுப்பொருளாக மதிக்கப்பட்டதே அதற்குக் காரணம். வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்கப்படுபவை முதலில் பெயரை இழக்கின்றன, பிறகு ஊரை இழக்கின்றன.

இன்று அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்புகளை இணையத்தில் வெளியிட்டுவருவதால், திருச்சிராப்பள்ளி அப்பிரக ஓவியங்களை இவ்வூர் மாணவர்கள் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஓவியங்களில் உள்ள உடை, நகை, தொழிற்கருவி ஆகியவற்றின் பெயர்களை ஊரில் உள்ள முதியோரிடம் கேட்டுத் தமிழில் பதிவுசெய்வது பள்ளி அளவிலேயே செய்யக்கூடிய ஆய்வு. லளிதாங்குரனின் குகையைக் காண அவ்வளவுகூட முயற்சி தேவையில்லை. உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறும் படிகளின் ஓரத்திலேயே அது இருக்கிறது.